சோறு கொண்டுவருகிறவர்கள் உட்காரும் இடம்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் பதவி டிராஃப்ட்ஸ்மேன். பெண்கள் இந்த வேலைக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் பதவியின் பெயரை யாரும் மாற்றவில்லை. காவல் நிலையங்களில் காமிரா பொருத்த வேண்டும், எங்கெங்கே என்று கட்டடத்தின் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள் என்று அவர்களுக்கு வேலை வந்திருக்கிறது.

"அக்கா, காமிராவும் இல்லாம, புகார் சொல்ல ஆணையமும் இல்லாம, அந்தக் காலத்துல போலீஸ யாரு கேள்வி கேட்டாங்க?" என்றாள் ஒருத்தி.

"படம் வரையிற உங்கள எதுக்கு ஸ்டேஷனுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாங்க?" என்றாள் மற்றவள்.

காபி ஆறும்வரை ஏதோ சொன்னேன். அவர்கள் போன பிறகு, சொன்னது போதாது என்று தோன்றியது. இரண்டு கேள்விக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படிப்பையும் பயிற்சியையும் ஒரே பத்தியில் முடித்துவிடலாம். நான் எருத்தேன்பதிக்காரி, கேரளத்தில் பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிற தமிழ் ஊர். அப்பாவுக்கு நிலக்கடலைக் காடும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா, அதோடு நில அளவைப் பயிற்சி, பிறகு வருவாய்த்துறையில் வேலை. உத்தரவைப் பார்த்துவிட்டு அப்பா, "ஏனம்மிணி, நம்ம காட்டயே அளந்து வேலி போட ஆளக் காணோம், நீ ஊரான் காட்ட அளக்கப் போறயாக்கும்?" என்றார். பாலக்காட்டில் சிறிது காலம் இருந்தேன். பிறகு மலைக்கு மாற்றினார்கள். இடுக்கி அப்போது புதிய மாவட்டம், போக யாரும் விரும்பமாட்டார்கள். சித்திரபுரத்தில், மின்வாரியக் குடியிருப்பில் ஒரு நர்ஸோடு அறையைப் பகிர்ந்துகொண்டேன். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்ட அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் வந்தேன்.

முதல் கேள்விக்கான பதில் அந்த ஆர்.டி.ஓ.தான். போலீஸ் அடித்தார்கள், அடைத்து வைத்தார்கள் என்று ஒருவர் கலெக்டருக்கு மனு கொடுத்தால், கலெக்டர் அதை விசாரிக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார். அவர் வருவாய்த்துறை ஆள், காக்கி போடாதவர். எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் கீழே வேலை செய்பவர் அல்லர். மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் அவருக்கு உண்டு. ஸ்டேஷனுக்குள் போய் எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம், யாரையும் அழைத்துக் கேட்கலாம். அறிக்கை எழுதுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். தண்டிக்க முடியாது, சொல்லத்தான் முடியும். சாதாரண ஜனங்களுக்குப் போலீஸுக்கு எதிராகத் திறந்திருந்த கதவு அநேகமாக அது ஒன்றுதான். அவசரநிலைக் காலத்தில் அதுவும் பாதி மூடிக் கிடந்தது. அது நீங்கிய பிறகு மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இரண்டாவது கேள்விக்கான பதில், எங்கள் ஆர்.டி.ஓ. ராமசேஷன் சாரின் பழக்கம். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், நாற்பது வயது இருக்கும். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. விசாரணைக்குப் போவதற்கென்று அவரிடம் சில விதிகள் இருந்தன. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருநாளும் மாறவில்லை. போலீஸ் ஜீப்பில் ஏறமாட்டார். ஸ்டேஷன் டீயைத் தொடமாட்டார், தன் பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். யார் எதைச் சொல்ல வந்தாலும், படம் வரைந்து முடியும்வரை கேட்கமாட்டார்.

"முதல்ல இடம், அப்புறம் மனுஷா, கடைசியிலதான் கடுதாசி. கடுதாசியை முதல்ல படிச்சா, அதுல இருக்கறதுதான் கண்ணுக்குத் தெரியும், கேட்டேளா?" என்பார்.

ஆகவே முதலில் உள்ளே போவது நான். நாடா, காம்பஸ், அளவுகோல், பலகை. தரையில் என்ன இருக்கிறதோ அத்தனையும் படத்தில் வர வேண்டும், எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். நான் அளக்கும்போது ஸ்டேஷன் ஆள் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

இந்தப் பழக்கத்தின் அருமை முதல் விசாரணையிலேயே தெரிந்தது. ஒரு டவுன் ஸ்டேஷனின் கட்டடப் படத்தில் லாக்கப் என்று ஓர் அறை உண்டு. நான் அதைத் திறக்கச் சொன்னபோது உள்ளே பிடிபட்ட சைக்கிள்களும் சாராய கேன்களும் கூரைவரை அடுக்கியிருந்தன. ஆட்களை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். எழுத்தர் மாடிப்படியின் கீழே கை காட்டினார். அங்கே சுவரில் ஓர் இரும்பு வளையம். நான் வளையத்தை வரைந்தேன். சார் அந்தப் படத்தை எஸ்.ஐ.யின் மேசையில் விரித்து, வளையத்தின்மேல் விரலை வைத்து, "இது எதுக்காக்கும்?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதில் வரும்வரை விரலையும் எடுக்கவில்லை.

இனி சுடலைமுத்துவின் விஷயம். என் வேலைக்காலத்தில் மிகக் கடினமான விசாரணை அதுதான்.

சாந்தன்பாறை பஸ்ஸில் போய், இறங்கி நடக்க வேண்டிய ஏலக்காட்டுப் பகுதி. எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. சுடலைமுத்து ஓர் ஏலத் தோட்டத்தில் வேலைக்காரர், தகப்பன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பச்சை ஏலக்காய் திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒருநாள் காலையில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஜீப்பில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது.

போலீஸ் சொன்னது: பிடித்த அன்றே மத்தியானம் சோற்று நேரத்தில் கக்கூஸுக்கு அழைத்துப் போகும்போது, ஸ்டேஷனின் பின்வராந்தாக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே குதித்துத் தப்பப் பார்த்தார், விழுந்ததில் கால் முறிந்தது. தப்பியோட முயன்றதாகத் தனி வழக்கும் போட்டுவிட்டார்கள். சுடலைமுத்து சொன்னது: வராந்தாப் பக்கமே போகவில்லை, உள்ளே பெஞ்சில் கட்டிப்போட்டு அடித்தார்கள்.

இதில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஆபத்து என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருட்டு வழக்கில் சாட்சி இல்லை, அது நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தப்பியோடினார் என்பது உறுதியானால் ஜெயில் உண்டு. ஜெயிலுக்குப் போனவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவர், லயம் என்கிற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முறிந்த காலோடு புருஷன், இரண்டு சிறு குழந்தைகள், போக ஊரில் ஒரு கூரையும் இல்லை. அவர் மனைவி பேச்சியம்மாள் என் வயதுக்காரி. மனுவை அவள்தான் கொடுத்திருந்தாள்.

நாங்கள் போன நாளில் மழை. பாதையெல்லாம் அட்டை. ஸ்டேஷன் சரிவில் கட்டியது. முன்புறம் ரோட்டு மட்டம், பின்புறம் பள்ளம். பின்வராந்தாவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அதன் மேலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே இரண்டு ஆள் உயரத்துக்கும் அதிகமான இறக்கம். வராந்தாத் தரை கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருந்ததால் கீழே ஒரு துண்டு இடம் மட்டும் மழை நனையாமல் இருந்தது. அதற்கு அப்பால் வடிகால், விறகுக் கொட்டகை, பிறகு ஏலச்செடிகள். நனையாத அந்த இடத்தில் சுவரை ஒட்டித் தட்டையான கற்கள் கிடந்தன. ஓடைக் கற்கள், வழவழப்பானவை. ஒவ்வொன்றையும் அளந்து குறித்தேன்.

மேலே எஸ்.ஐ.யின் குரல் கேட்டது. அவர் கொல்லம் பக்கத்துக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவதாக நினைத்துப் பேசுவார். "மேடம், கல்லொக்கெ எதுக்கா? அது வெறும் கல்லாணு. குதிச்ச ஸ்தலம் மாத்திரம் வரைஞ்சா போதும்."

"கல்லும் தரையிலதானுங்க இருக்குது," என்றேன்.

அவர் காட்டிய இடத்தையும் குறித்தேன். கைப்பிடிச் சுவரில் இன்ன இடம், கீழே விழுந்த இடம் இன்னது.

விசாரணையைப் பக்கத்திலிருந்த பயணியர் பங்களாவில் வைத்திருந்தோம். போலீஸ்காரர்கள் வந்து வரிசையாகச் சொன்னார்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள் குதித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். டாக்டர், விழுந்தாலும் இப்படி முறியும், தடியால் அடித்தாலும் இப்படி முறியும் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எலும்பு அவ்வளவுதான் பேசும். பொதுஜன சாட்சி என்று ஒருவரும் வரவில்லை. பேச்சியம்மாள் மட்டும் வந்தாள். அவள் சொன்னதும் சுடலைமுத்து அவளிடம் சொன்னதுதான்.

சார் படத்தைப் பார்த்தார். "இங்கேருந்து விழுந்தா கால் முறியுமா?"

"முறியலாங்க சார்."

"சுவர் தாண்டக் கூடியதா?"

"தாண்டலாங்க."

அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். திறந்தால் எழுதத் தயாராகிவிட்டார் என்று பொருள். சுயேச்சையான சாட்சி யாரும் முன்வரவில்லை, இடமும் போலீஸ் கூற்றுக்கு முரணாக இல்லை. அந்த ஒரு வாக்கியம் எழுதினால் லயன் வீடு போய்விடும். என் படம்தான் அதில் பாதி வாக்கியம். அளவில் தவறு இருக்குமோ என்று இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன். தவறு இல்லை.

பங்களா வராந்தாவில் மை காயவைக்க டிரேசிங் துணியை விரித்திருந்தேன். அந்த ஈரத்தில் இந்தியன் மை லேசில் காயாது, துணி சுருங்கிக் கோடெல்லாம் அலைபாயும். நான்கு மூலையிலும் எதையாவது வைத்து அழுத்த வேண்டும். பேச்சியம்மாள் ஒரு மூலையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, இந்தப் படத்தால எம் வீட்டுக்காரருக்கு நல்லதா, கெட்டதா?"

பொய் சொல்ல வரவில்லை. "கெட்டதுங்க," என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. குனிந்து படத்தைப் பார்த்தாள். "இதுதான் ஸ்டேசன் சுவரா?"

"ஆமாங்க."

"இங்கன இருந்துதான் குதிச்சாவன்னு சொல்லுதாவளா?"

"ஆமாங்க. எந்த எடம்னு உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

"குதிச்சான்னுதான் சொன்னாவ. எங்கன்னு எங்கிட்ட யாரு சொல்லுதா? நான் ரோட்டுலன்னுல்லா நெனச்சேன்." விரல் கீழே இறங்கியது. "இது என்னது, முட்டை முட்டையா?"

"கல்லுங்க. செவுத்தோரமாக் கெடக்குது."

"அது சோத்துக்கல்லுல்லா!" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. லயத்தில் யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், மத்தியானச் சோறு லயத்திலிருந்துதான் போகும். பெண்சாதி போகமாட்டாள், அவள் மேனேஜர் பங்களாவில் போய்க் கெஞ்சிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்குவாளி எடுத்துப் போவார்கள். வாளியை வாங்கிக்கொண்டதும், முன்னால் நிற்கக் கூடாது, பின்னால் போ என்று விரட்டுவார்கள். சாப்பிட்டு முடிந்து காலி வாளியைப் பின்வராந்தாவிலிருந்து கீழே இறக்கிக் கொடுக்கும்வரை அங்கேதான் காத்திருக்க வேண்டும். மழை நாட்டில் வெறுந்தரையில் உட்கார முடியாது. யாரோ எப்போதோ ஓடையிலிருந்து கல் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சேர்த்திருக்கிறார்கள்.

"அன்னைக்குச் சோறு கொண்டுபோனது யாருங்க?"

"இசக்கி மதினியும் மாடத்தியும்."

"அவங்க ஏன் விசாரணைக்கு வரலீங்க?"

பேச்சியம்மாள் அப்போதுதான் துணியிலிருந்து கையை எடுத்தாள். "யாரு கூப்பிட்டா?" என்றாள்.

உண்மையில் கூப்பிட்டிருந்தோம். விசாரணை நாளையும் இடத்தையும், தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பதையும் தட்டச்சு செய்து பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தோம். ஒரு விதியும் தவறவில்லை. ஆனால் நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது. லயத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த சிலருக்கும் தமிழ்தான் தெரியும். போதாததற்கு விசாரணை நாள் வேலை நாள். வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி இல்லை. ஆர்.டி.ஓ. தமிழர், நானும் தமிழச்சி, நோட்டீஸைத் தட்டச்சு செய்தவரும் செங்கோட்டைக்காரர். மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஆபீஸ் என்று உட்கார்ந்துவிட்டால் கை தானாக அந்த மொழியில் போய்விடுகிறது. சாட்சி வரவில்லை என்று எத்தனை கோப்புகள் இப்படி மூடப்பட்டிருக்கும் என்று நான் பிறகு பலமுறை யோசித்ததுண்டு.

உள்ளே போய்ச் சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கற்களை எண்ணுவதுபோல் படத்தைப் பார்த்தார். பேனாவைத் திருகி மூடிவிட்டார்.

"அப்போ விசாரணை முடியலை," என்றார். "தமிழ்ல எழுதுங்கோ. ஞாயித்துக்கிழமை வைங்கோ. எழுதினாப் போறாது, லயத்துல போய் வாசிக்கணும். போலீஸ்காரா கையில சம்மன் குடுத்துடாதேங்கோ. அவா கொண்டுபோய்க் குடுத்தா யாரு வருவா?"

லயத்தில் போய் வாசித்தது நானும் வில்லேஜ் ஆபீஸ் உதவியாளரும். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருந்த நேரம். நான் வாசித்து முடித்ததும் ஒரு சிரிப்பு எழுந்தது.

"ஏட்டி, இந்தம்மா நம்மளப் போயி 'வாங்க, வந்து சொல்லுங்க'ங்குது! கணக்கப்பிள்ளகூட இப்படிச் சொன்னதில்லட்டி!"

"எங்க ஊருல ஆட்டுக்குட்டியக் கூப்பிட்டாலும் அப்படித்தானுங்க," என்றேன். இன்னும் சிரித்தார்கள். ஒருத்தி என் கணுக்காலைக் காட்டி, "யம்மா, மொதல்ல அட்டையப் புடுங்குங்க, பொறவு விசாரிக்கலாம்," என்று இடுப்பிலிருந்த புகையிலையைக் கிள்ளி ஈரமாக்கிக் காலில் வைத்தாள். அவள்தான் இசக்கியம்மாள். ஐம்பதை நெருங்கிய வயது, உரத்த குரல்.

மாடத்தி பின்னாலேயே நின்றாள். "நாங்க சொல்லிப்போட்டு நீங்க பஸ் ஏறிருவிய. அந்த எஸ்.ஐ. இங்கனதான இருப்பாரு?" என்றாள்.

இருப்பார் என்றுதான் சொன்னேன். சார் அறிக்கை எழுதுவார், அதற்குமேல் நடப்பது எங்கள் கையில் இல்லை என்றேன்.

"இது ஒண்ணாவது நெசம் சொல்லுது," என்றாள் இசக்கியம்மாள். பிறகு மாடத்தியைப் பார்த்து, "நாளைக்கு எம் மவனப் புடிச்சாம்னா சோறு கொண்டுபோக நீ வருவியா, மாட்டியா? வருவேல்லா? அப்ப இதுக்கும் வா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சார் அவர்களைச் சேர்த்து உட்கார வைக்கவில்லை. ஒருத்தி பங்களா முன்பக்கம், மற்றவள் சமையலறைப் பக்கம். ஸ்டேஷன் முன்னறையை விட்டு வரக் கூடாது என்று எஸ்.ஐ.யிடம் சார் சொல்லியிருந்தார். முதலில் இசக்கியம்மாளை அழைத்துக்கொண்டு நாங்கள் ஸ்டேஷனின் பின்பக்கம் போனோம். கையில் என் படம்.

"அன்னிக்கு நீங்க எங்கே இருந்தேள்? வாயால சொல்ல வேண்டாம், போய் அங்கேயே நில்லுங்கோ," என்றார்.

அவள் நிற்கவில்லை. நேரே போய் ஒரு கல்லில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள், தினம் உட்காருகிறவள்போல. நான் படத்தில் அந்தக் கல்லைக் குறித்தேன். சுடலைமுத்து விழுந்த இடமென்று எஸ்.ஐ. காட்டியது அதற்கு ஒரு கைநீளத்தில் இருந்தது.

சார் மேலே கைப்பிடிச் சுவரைக் காட்டினார். "அங்கேருந்து ஒருத்தன் குதிச்சான்னு சொல்றா."

இசக்கியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அங்கன இருந்தா? அப்ப எம் மடியிலல்லா விழுந்திருக்கணும்!"

வில்லேஜ் உதவியாளர் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. "வேற ஏதாவது விழுந்ததா?"

"தூக்குவாளிதான் வந்திச்சி. தொட்டுக்கூடப் பாக்கல, சோறு கொண்டுபோனபடி இருந்திச்சி. என்னய்யா சாப்பிடலியான்னு கேட்டேன். ஒறங்குதான், போன்னு சொன்னாவ. உள்ள சத்தம் கேட்டிச்சி. ஒறங்குதவன் போடுத சத்தமில்ல அது."

"நீங்க அப்போ கொட்டகைப் பக்கம் போயிருக்கலாமே? இங்கேதான் இருந்தேள்னு எப்படி நம்பறது?"

இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் எப்போதும் அப்படித்தான். தனக்குச் சாதகமாகத் தோன்றும் சாட்சியைத்தான் அதிகம் குடைவார்.

"எங்க போவ? கொட்டகைக்குப் பூட்டு. மழ கொட்டுது. முன்னால நிக்கப்படாதுன்னு அந்த ஐயாதான சொல்லிருக்காவ."

மாடத்தியைத் தனியே அழைத்து வந்தபோதும் அதே கேள்விகள். அவள் மெல்லப் பேசினாள். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். வாளி கனமாக இருந்தது, அவிழ்க்காமல் திரும்பி வந்தது, ஆள் யாரும் விழவில்லை. வாளியை மேலிருந்து இறக்கிக் கொடுத்த கான்ஸ்டபிளின் பெயரையும் சொன்னாள். குதித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்ற இருவரில் ஒருவர் அவர்.

கடைசியில் சார் முன்னறைக்குப் போனார். எஸ்.ஐ. டீ வரவழைத்திருந்தார். சார் பிளாஸ்க்கைத் திறந்தார்.

"சாப்பாடு கொண்டுவர்ற பொம்மனாட்டிகள் எங்கே நிக்கணும்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"பின்னாலெ. நான்தன்னே சொன்னது. ஸ்டேஷன் முன்னாலெ சந்தையொன்னும் அல்லல்லோ, சார்."

"எப்பவாவது முன்னாடி விடறதுண்டா?"

"ஒருக்காலும் இல்லா. எல்லா திவசவும் பின்னாலெதன்னே. அது கட்டாயமாணு."

"அந்த நாளும்?"

"அந்நும்," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். முகம் சற்று மாறியது. "சார், அந்தப் பெண்ணுங்ஙள்... அது வேறெ காரியம்," என்றார்.

சார் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார்.

அந்தப் பெண்களை ஒளித்து வைக்க ஸ்டேஷனில் யாரும் முயலவில்லை என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. தினமும் மத்தியானம் வந்து உட்காருகிறவர்கள், வடிகால்போல, விறகுக் கொட்டகைபோல. கதை கட்ட ஓர் இடம் வேண்டியிருந்தபோது, ஆளில்லாத இடம் என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

சாரின் அறிக்கையில் காயம் ஸ்டேஷனுக்கு உள்ளே ஏற்பட்டது, குதித்ததால் அல்ல என்ற முடிவும், அதன் கீழே பரிந்துரைகளும் இருந்தன. நான்தான் படத்தோடு சேர்த்துக் கட்டினேன் என்பதால் வரிசை நினைவிருக்கிறது. தப்பியோடிய வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். எஸ்.ஐ. மீதும் இரண்டு கான்ஸ்டபிள்கள் மீதும் நடவடிக்கை வேண்டும். இனி இந்தப் பகுதியில் விசாரணை நோட்டீஸ் தமிழிலும் வர வேண்டும். கைதானவர்களுக்குச் சோறு கொண்டுவருகிறவர்கள் உட்கார, முன்வராந்தாவில், லாக்கப் கதவு தெரியும்படி இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியைச் சார் எழுதியபோது நான், "இதுவும் வேணுங்களா சார்?" என்று கேட்டேன். சின்ன விஷயமாகப் பட்டது.

"இருக்கட்டுமே," என்றார்.

ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று எழுதிவிடுகிறேன். வழக்கு திரும்பப் பெறப்பட்டது. திருட்டு வழக்கும் பிறகு நிற்கவில்லை. நடவடிக்கை என்பது மேலே போகப் போக மெலிந்தது. எஸ்.ஐ.யை மலைக்குக் கீழே வேறு ஊருக்கு மாற்றினார்கள், சில ஆண்டுகளில் அவர் இன்ஸ்பெக்டரானார் என்று கேள்விப்பட்டேன். மாடத்தி பயந்ததுபோல் யாரும் லயத்துக்கு வந்து மிரட்டவில்லை. ஆனால் அவள் பல மாதம் ஸ்டேஷன் வழியே நடக்காமல் காட்டுப் பாதையில் சுற்றிப் போனாளாம். தமிழ் நோட்டீஸ் எங்கள் அலுவலகத்தில் மட்டும், சார் இருந்தவரை நடந்தது. கடைசிப் பரிந்துரையை மேலே யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. அதனால் யாரும் வெட்டவில்லை, அப்படியே உத்தரவாகிக் கீழே வந்துவிட்டது.

சுடலைமுத்துவின் கால் நேராகக் கூடவில்லை. சரிவில் ஏறிக் காய் பறிக்க அவரால் முடியாது. தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தீப்போடும் வேலை கொடுத்தார்கள், உட்கார்ந்து செய்யும் வேலை. லயன் வீடு தங்கியது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நிலத் தகராறை அளக்க அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஸ்டேஷன் முன்வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சு கட்டியிருந்தார்கள். எதிரே லாக்கப் கம்பிக் கதவு. பெஞ்சில் பேச்சியம்மாளும் இசக்கியம்மாளும் இன்னும் சிலரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையோ பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ரோட்டைக் கடந்து போனேன்.

"யாரைங்க புடிச்சிருக்காங்க?"

"வாங்க வாங்க," என்று இசக்கியம்மாள் என்னைப் போலவே சொல்லிக் காட்டிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். "ஒருத்தரையும் புடிக்கல. ரேசனுக்கு வந்தோம்."

கதவின் உள்ளே பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

"பொறவு இங்க எதுக்குங்க உக்காந்திருக்கீங்க?"

பேச்சியம்மாள்தான் சொன்னாள். "வந்தா ஒரு எட்டு உக்காந்து பாத்துட்டுத்தான் போவோம். நாங்க பாக்குதோம்னு அவிய பாக்கணும்லா."